ஃபீஜோவா ஊறல்

மார்ச் 23, ஞாயிறு

இன்று காலையும் வாளி நிறைய ஃபீஜோவா. பச்சை நிறம், முட்டை அளவு, கொய்யாவும் அன்னாசியும் கல்யாணம் பண்ணிப் பெற்ற பிள்ளை மாதிரி வாசனை. பறிக்கவே வேண்டாம், தானாக விழும். விழுந்துகொண்டே இருக்கும். இலையுதிர்காலம் வந்தால் ஹேஸ்டிங்ஸ் ஊரே இதை வைத்துக்கொண்டு திண்டாடும். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு இரண்டு பை கொண்டுபோனேன். அங்கே ஏற்கெனவே நான்கு பை இருந்தது. “தயவுசெய்து இனி ஃபீஜோவா வேண்டாம்” என்று யாரோ எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். ஆப்பிள்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. அதில் கணக்கு எழுதும் எங்களுக்குப் பழம் என்றாலே ஓடத் தோன்றும்.

ஜாம் போட்டாயிற்று. ஊறுகாய் போட்டாயிற்று. ரசம்கூட வைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நோலீன் எட்டிப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். குரலும் பேருந்து மாதிரிதான்.

“வடித்துவிடு, கோகிலா” என்றார்.

“எதை?”

“பழத்தை. சாராயமாக.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நியூசிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாமாம், விற்கத்தான் கூடாதாம். அவருடைய இரண்டாவது கணவர் விட்டுச்சென்றவை ஒரு படகு, ஒரு கெட்ட பெயர், ஒரு செம்பு வடிகலம். படகை விற்றுவிட்டார். வடிகலத்தை எனக்கு இரவல் தருகிறாராம்.

வாழ்க்கையில் நான் குடித்த மது, என் கணவன் யுவராஜின் அலுவலக விருந்தில் அரைக் கோப்பை வைன். அதிலும் பாதி பூந்தொட்டிக்குப் போனது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எங்கே வைப்பது?” என்று கேட்டுவிட்டேன்.

கராஜில் இடம் இருக்கிறது. நவம்பரிலிருந்து அங்கே ஒரு கார்தான் நிற்கிறது.

மார்ச் 29, சனி

தேதியும் குறிப்பும் எழுதி வைக்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்று நோலீன் சொன்னதால்தான் இந்த டைரி. ஆகவே குறிப்பு: ஒவ்வொரு பழத்தையும் இரண்டாக வெட்டி, கரண்டியால் சதையைத் தோண்டி, பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் போட்டேன். சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். மத்தியானம் தொடங்கியது சாயங்காலம் வரை இழுத்தது. விரல் நுனியெல்லாம் பழுப்பு.

வடிகலத்தையும் நோலீன் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீர்க் குடத்துக்கு யானைத் தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தேன். எங்கள் வீட்டுப் பித்தளை விளக்குகூட இப்படிப் பளபளத்ததில்லை.

ஏப்ரல் 2, புதன்

பொங்கத் தொடங்கிவிட்டது. டிரம்மின் மூடியில் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய் ஒன்று உண்டு. உள்ளே உண்டாகும் காற்று அதன் வழியாக ‘புளுக், புளுக்’ என்று வெளியேறுகிறது. சமையலறையில் இருந்தாலே கேட்கிறது.

இன்று சாப்பிடும்போது டிவி போடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா வருகிறார்.

வீடியோவில் முகத்தைக் காட்டியதும் முதல் வார்த்தையே அதுதான். “பாப்பா, டிக்கெட் போட்டாச்சு. மே மாசம் நாலாந்தேதி அங்க எறங்குறேன்.” பக்கத்தில் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அம்மா போனதிலிருந்து அப்பா ஆத்தூரில் அண்ணனோடுதான் இருக்கிறார். இத்தனை வருடம் கூப்பிட்டும், “அவ்ளோ தூரம் யாரு வருவா” என்றவர்.

“மாப்ள எங்க?”

“வேலைக்குப் போயிருக்காருங்கப்பா.”

“ஞாயித்துக்கெழமயா?”

“இங்க அப்படித்தாங்கப்பா.”

எனக்குக் கவலை அதுவல்ல. அதுவல்ல என்றே எழுதி வைக்கிறேன். கவலை டிரம். என் அப்பா அர்த்தனாரி, ஓய்வுபெற்ற மதுவிலக்கு இன்ஸ்பெக்டர். கல்வராயன் மலையடிவாரத்தில் அவர் உடைக்காத பானை இல்லை, கொட்டாத டிரம் இல்லை. சோதனை முடித்து விடியற்காலையில் ஜீப்பில் வந்து இறங்கும்போது சட்டை, பேண்ட், பூட்ஸ் எல்லாம் புளித்த வாடை அடிக்கும். குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்று அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். நான் தூக்கக் கலக்கத்தோடு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வேன். இப்போது கராஜ் கதவைத் திறந்தால் அதே வாடை.

அவருடைய மகளின் கராஜில்.

ஏப்ரல் 12, சனி

முதல் வடிப்பு. படுதோல்வி.

சதையும் நாருமாக அப்படியே வடிகலத்தில் ஊற்றிவிட்டேன். அடியில் பிடித்துக் கருகிவிட்டது. குழாய் வழியே சொட்டுச் சொட்டாக வந்ததை மோந்து பார்த்தேன். ரப்பர் செருப்பை அவித்த வாசனை. நோலீன் ஒரு துளி நாக்கில் வைத்தார், தோட்டத்துக்குப் போய்த் துப்பினார், திரும்பி வந்து, “என் முதல் புருஷனை ஞாபகப்படுத்துகிறது” என்றார்.

வடிகலத்தின் அடியைச் சுரண்டினேன். கை வலிக்கிறது. நாளைக்கும் சுரண்ட வேண்டும்.

ஏப்ரல் 19, சனி

இந்த முறை பழக்கூழைத் துணியில் கட்டிப் பிழிந்து, சாறு மட்டும். வைனுக்கென்று விற்கும் ஈஸ்ட். அவசரப்படவில்லை.

மழைநீர்க் குழாயை இலை அடைத்துக்கொண்டது. ஏணி போட்டு நானே ஏறி எடுத்தேன். மேலே நின்றபடி பார்த்தால் நோலீனின் கொட்டகை நன்றாகத் தெரிகிறது. பெரியது, காற்றோட்டமானது, முக்கியமாக என் வீட்டில் இல்லாதது.

மே 2, வெள்ளி

டிரம்மும் வடிகலமும் வேலி தாண்டிப் போய்விட்டன. “உன் அப்பாவுக்கு ஏன் பயப்படுகிறாய்? உனக்கு நாற்பத்தைந்து வயது” என்றார் நோலீன். இதற்கு ஆங்கிலத்தில் பதில் இல்லை.

பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தினேன். பழைய சாமான் கடையில் ஆண்கள் ஷூ ஒரு ஜோடி வாங்கி வாசலில் வைத்தேன். குளியலறையில் நீல நிறத்தில் இரண்டாவது பிரஷ். அலமாரியில் நான்கு சட்டை. அவை அவனுடையவைதான், எடுத்துப்போக மறந்தவை. கல்யாணப் படத்தை மறுபடி கூடத்தில் மாட்டினேன். ஆணி அங்கேயே இருந்தது.

அப்பாவிடம் சொல்லப்போவது: யுவராஜ் வேலை விஷயமாக பிரிஸ்பேன் போயிருக்கிறார், இரண்டு மாதம் ஆகும். முக்கால்வாசி உண்மை. பிரிஸ்பேனில்தான் இருக்கிறான். வேலையும் பார்க்கிறான்.

மே 4, ஞாயிறு

நேப்பியர் விமான நிலையத்தில் வேட்டி, கோட்டு, குரங்குக் குல்லாவுடன் அப்பா. ஆக்லாந்து சுங்கத்தில் எல்லாப் பயணிகளுக்கும் கால் மணி நேரம் என்றால் இவருக்கு முக்கால் மணி. கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறார். பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், அத்தை கொடுத்த விபூதி. “அதிகாரி நல்ல பையன். நானும் டிப்பார்ட்மெண்டுதான்னு சொன்னேன். சல்யூட் அடிச்சான் பாப்பா!” மாவடு மட்டும் பறிபோனது. சட்டப்படி எடுத்தார்கள் என்பதால் வருத்தமில்லையாம்.

பெட்டி பெரியது. தூக்கினால் காற்று மாதிரி இருந்தது. “என்னங்கப்பா, பாதிதான் இருக்கு?” என்றேன். “திரும்பிப் போறப்ப ஆகும்” என்றார்.

வாசலில் ஷூவைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

மே 6, செவ்வாய்

“என்ன பாப்பா, இந்தப் பக்கம் புளிச்ச வாட அடிக்குது?”

“பழம் அழுகுதுங்கப்பா. ஃபீஜோவா.”

நான் வேலை முடிந்து வருவதற்குள் மரத்தடி முழுக்கப் பெருக்கி, பழத்தைப் பொறுக்கி, தரையில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். கோலம்தான் பாக்கி. பிறகு நின்று மூக்கை உறிஞ்சினார். “இன்னும் அடிக்குதே.” வேலியைப் பார்த்தபடி சொன்னார்.

மே 10, சனி

பேச்சுக்கு, யோகா வகுப்பு. உண்மையில், நோலீனின் கொட்டகை.

இந்த முறை அடுப்பின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினேன். முதலில் வருவது ‘தலை’. அது விஷம், மூக்கைத் துளைக்கும், கொட்டிவிட வேண்டும். நடுவில் வருவது ‘இதயம்’. அதுதான் வேண்டியது. கடைசியில் ‘வால்’, நனைந்த நாய் மாதிரி வாசனை. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதை மீட்டர் சொல்லாது. மோந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்னச் சின்ன ஜாடியாக மாற்றிக்கொண்டே இருந்தேன். “எதை எப்போது கொட்டுவது என்று தெரிந்துகொள்வதுதான் வாழ்க்கையே” என்று நோலீன் தொடங்கினார். அவர் இப்படி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

ஐந்தாவது ஜாடி. இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தேன். ஆவியாகிப் போனதும் கையில் ஃபீஜோவா மட்டும் மிஞ்சியது. பழம் இல்லை, சர்க்கரை இல்லை, பழத்தின் வாசனை மட்டும். ஒரு துளியை நாக்கில் வைத்தேன். சுட்டது, பிறகு இனித்தது, பிறகு ஒன்றுமே இல்லை. கொட்டகையில் ஒரு சுற்று ஆடினேன். நோலீனும் ஆடினார்.

வீட்டுக்கு வந்ததும், “யோகா நல்லா இருந்துச்சா?” என்றார் அப்பா. மூச்சு விடாமல் பதில் சொன்னேன். அதற்கும் யோகா உதவுகிறது.

மே 11, ஞாயிறு

உறைபெட்டியில் சேர்த்திருந்த பழம் முழுவதும் போட்டாயிற்று. பெரிய டிரம். இதுதான் பெரிய வடிப்பு. இந்தப் பருவத்துக்கு இதுவே கடைசி.

மே 14, புதன்

மாப்பிள்ளை ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறார் என்றார் அப்பா. நைட் ஷிஃப்ட் என்றேன்.

மே 20, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். 

மாலை காரை விட்டு இறங்கும்போதே நோலீனின் குரல் கேட்டது. வேலி தாண்டி ஓடினேன். கொட்டகை வாசலில் டிரம் கவிழ்ந்து கிடந்தது. புல் முழுக்கப் பழுப்பு வெள்ளம், அதில் குருவிகள் இறங்கிக் கொத்திக்கொண்டிருந்தன. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பை நான் எத்தனை செய்தித்தாள் படங்களில் பார்த்திருக்கிறேன்! எதிரே நோலீன், பேருந்துச் சீருடையோடு, இடுப்பில் கை.

“திஸ் இஸ் அஃபென்ஸ், மேடம்!” என்றார் அப்பா.

“என் கொட்டகைக்குள் நுழைந்ததுதான் குற்றம்!” என்றார் நோலீன்.

நோலீனிடம் இரவல் வாங்கிய வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனவராம். வாடை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அப்பா குரலைத் தாழ்த்தினார். “பாப்பா, நீ உள்ள போ. இந்தம்மா ஊறல் போட்டிருக்குது. அடுப்பு, பானை எல்லாம் இருக்கு. இந்தூர் போலீசு நம்பர் என்ன?”

“அது என்னுதுங்கப்பா.”

“எது?”

“ஊறல். பானைதான் அவங்களுது. ஊறல் என்னுது.”

அவர் என்னையே பார்த்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் புல்லில் ஓடிய அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்ததும் வேறு ஏதோ ஆகிவிட்டது. அப்பாவிடம் வாழ்க்கையில் முதன்முறையாகக் கத்தினேன்.

“ஒரு வார்த்த கேட்டீங்களா? கேக்காமக் கொட்டிட்டீங்களே! எல்லாரும் இப்படித்தான். அவன் போறப்பவும் என்னக் கேக்கல. பொட்டியக் கட்டுனான், போனான். இந்த ஆறு மாசத்துல என் வீட்ல சத்தம் போட்டது இந்த ஒரு டிரம்முதாங்கப்பா. அதையும் கொட்டிட்டீங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அப்பா மெதுவாக ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நோலீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் மூன்று கோப்பை டீ போட்டு எடுத்துவந்தார்.

மே 21, புதன்

அலுவலகத்துக்கு விடுப்பு. அப்பா எனக்கு முன்பே எழுந்து மேஜையருகே உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத் தெரியும் கண்ணு” என்றார்.

“எப்ப இருந்து?”

“பொங்கல்ல இருந்து. அன்னிக்கு மாப்ளயும் கூப்புட்டாரு, நீயும் கூப்புட்ட. தனித்தனியா. அவரு பின்னால சுள்ளுனு வெயிலு, உம்பின்னால மழ. ஒரே வீட்ல எப்புடி?”

எழுந்து அடுப்பில் பால் வைத்தேன்.

“இங்க வந்து பாத்தா வாசல்ல ஒரு பெரிய ஷூ. மாப்ளைக்குச் சின்னப் பாதம், கல்யாணத்துல அவரு கால் வெரலுக்கு நாந்தான அளவு பாத்து மிஞ்சி வாங்கிக் குடுத்தேன்? ஊருக்குப் போற மனுசன் பல்லு வெளக்குற பிரசை விட்டுட்டா போவான்? அதுவும் நனையவே நனையாத பிரசு.” கொஞ்சம் நிறுத்தினார். “நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்.”

சரி, எழுதிவிடுகிறேன். நவம்பரில் யுவராஜுக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. ‘நீயும் வா’ என்று அவன் சொல்லவில்லை. ‘நானும் வரட்டுமா’ என்று நான் கேட்கவில்லை. சண்டை கிடையாது, வேறு பெண் கிடையாது. விமான நிலையத்தில் இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். பதினேழு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் கை குலுக்கினால் அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், அப்பாவுக்காகத்தான். யுவராஜைப் பார்த்தது அவர். கல்யாணத்துக்கு முன் அவனுடைய தெரு, கல்லூரி, முடிவெட்டும் கடை வரை போய் விசாரித்து, ‘ஏ ஒன் பையன்’ என்று சான்றிதழ் கொடுத்தது அவர்.

அதையும் இன்று சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் சர்வீசுல நான் விசாரிச்சு ஒரு கேசு தப்புனதில்ல. இது ஒண்ணு தப்பிருச்சு.”

“தப்பலீங்கப்பா. நல்ல மனுசன்தான். எங்களுக்கு ஆகல. அவ்ளோதான்.”

பெட்டி ஏன் பாதி காலி என்று அப்போதுதான் சொன்னார். மீதியில் என் சாமான்களைப் போட்டு என்னையும் ஊருக்கு அழைத்துப்போகத்தான் வந்தாராம். என் டிக்கெட்டுக்கும் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

“நான் வரலீங்கப்பா.”

“தனியா இருக்கியா இந்தக் குளிர்ல?”

“இருக்கேன்.”

“ஊர்ல என்னன்னு சொல்றது?”

“நான் சொல்லிக்கிறேன். கொஞ்சம் போகட்டும்.”

ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தபடி கேட்டார்: “குடிக்கிறியா?”

“நாக்குல ஒரு சொட்டு வெச்சேன். இதுவரைக்கும் அவ்ளோதான்.”

தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. போலீஸ்காரர் தலையாட்டலுக்கு அர்த்தம் கிடையாது.

மே 22, வியாழன்

நோலீன் தன் கணினியில் இந்த நாட்டுச் சட்டத்தை எடுத்துக் காட்டினாராம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தாராம். பிறகு எழுந்து நின்று, “ஐ ஆம் சாரி, மேடம்” என்றாராம். நோலீன் அழுதுவிட்டார். இரண்டு கணவர்களும் சொல்லாத வார்த்தையாம்.

மே 24, சனி

காலையில் எழுந்தால் அப்பாவைக் காணோம். தோட்டத்துத் தள்ளுவண்டியும் இல்லை. தெருக்கோடி வீட்டம்மா நோலீனுக்கு ஃபோன் செய்தார்: “பாவாடை கட்டிய பெரியவர் ஒருவர் கதவைத் தட்டி, சல்யூட் அடித்து, ஃபீஜோவா கேட்கிறார். உனக்குத் தெரிந்தவரா?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். வேட்டி, கோட்டு, குரங்குக் குல்லா. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார். கதவு திறந்ததும், “குட் மார்னிங். பிஜோவா?” அவ்வளவுதான். இந்த ஊரில் யாராவது ஃபீஜோவா கேட்டு வந்தால் கதவு அதற்குமேல் மூடாது. கடைசிப் பழங்கள், மரத்தடியில் அழுகக் கிடந்ததையும் கழுவிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் பூசணிக்காய் ஒன்று, இன்னொரு வீட்டில் ஸ்கோன் எனும் குட்டி ரொட்டி சுடச்சுட நான்கு. வண்டி நிரம்பி வழிந்தது.

“என்னங்கப்பா இதெல்லாம்?”

“இத்தன வருசம் நான் கொட்டுனது எல்லாம் சட்டப்படி கொட்டுனது. உன்னுத மட்டுந்தான் சட்டமில்லாமக் கொட்டிட்டேன். ஈடு கட்டோணுமில்ல?” வண்டியை என் பக்கம் திருப்பினார். “மொத்தத் தெருவும் சோதன போட்டாச்சு. இதுக்கு மேல இந்தூர்ல பழம் இல்ல.”

மே 25, ஞாயிறு

மூவரும் உட்கார்ந்து பழம் தோண்டினோம். அப்பா சதையைத் தோண்டிக் கொடுப்பார். டிரம்மைத் தொட மாட்டார். “அது உங்க டிப்பார்ட்மெண்ட்” என்றார். அவருக்கும் நோலீனுக்கும் பொதுவாக இருக்கும் ஆங்கிலம் ஐம்பது வார்த்தை இருக்கும். அதை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க டயர் தேய்மானத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் பேருந்து, ஒருவர் ஜீப்.

கல்யாணப் படத்தைக் கழற்றினேன். ஷூவையும் பழைய சாமான் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மே 30, வெள்ளி

தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று வாங்கிக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறார் அப்பா. பக்கத்தில் மணல் வாளி. அதில் ‘தீ’ என்று சிவப்பில் தமிழில் எழுதியிருக்கிறார். “யார் படிப்பார்கள்?” என்றார் நோலீன். நான் படிப்பேன்.

ஜூன் 7, சனி

பெரிய வடிப்பு இன்று.

அப்பா உள்ளே வரவில்லை. கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். காவலா, கண்காணிப்பா, கேட்கவில்லை. வெளியே நல்ல குளிர். உள்ளே வடிகலம் சூடேறி, குழாய் நுனியில் முதல் சொட்டு திரண்டது. தலையைக் கொட்டினேன். ஜாடி மாற்றினேன். மோந்தேன். மறுபடி மாற்றினேன்.

“இதுல அப்பிடி என்ன கண்ணு இருக்குது?” திரும்பிப் பார்க்காமலேதான் கேட்டார். “குடிக்கவும் மாட்டேங்குற. விக்கவும் முடியாது. அப்புறம் எதுக்கு?”

நோலீனிடம் சொல்லும் பதில்கள் இரண்டு மூன்று வைத்திருந்தேன். அப்பாவிடம் வேறொன்றைச் சொன்னேன்.

“நீங்க ரெய்டு முடிச்சு வீட்டுக்கு வருவீங்கல்ல, அப்ப உங்க மேல ஒரு வாட அடிக்கும். அது அடிச்சா நீங்க வந்துட்டீங்கன்னு அர்த்தம். இங்க முதல் தடவ டிரம்மைத் தெறந்தப்ப அதே வாட வந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு வீட்ல யாரோ இருக்கற மாதிரி இருந்துச்சுங்கப்பா.”

அப்பா குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இந்தக் குளிரில்!

பிறகு உள்ளங்கையைப் பின்பக்கமாக நீட்டினார். முகம் இன்னும் தெருவைப் பார்த்துத்தான். இரண்டு சொட்டு விட்டேன். தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். எத்தனையோ ஆயிரம் லிட்டரை மோந்து பார்த்த மூக்கு. ஒருமுறை, மறுபடி ஒருமுறை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மொத்தம் நான்கு பாட்டில் வந்தது. ஒன்று நோலீனுக்கு. மீதி என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சாயங்காலம் ஆத்தூரிலிருந்து வழக்கமான வீடியோ அழைப்பு. அங்கே காலை. திரை கொள்ளாமல் முகங்கள். அண்ணன், அண்ணி, நடுவில் அப்பாவின் தங்கை ராசாமணி அத்தை. அப்பாவுக்கு அடுத்த வாரம் விமானம். என்ன வாங்கி வருகிறார் என்று ஒரு சுற்றுப் பேச்சு முடிந்தது. பிறகு அத்தை முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். மூக்கும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தது.

“ஏம்மா கோகிலா, ஒரு மாசமாப் பாக்குறேன், மாப்ள தலையே தெரியல. மூஞ்சியக் காட்டச் சொல்லு, ரெண்டு வார்த்த பேசுறேன்.”

நைட் ஷிஃப்ட் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார்.

“மாப்ள இங்க இல்ல ராசாமணி. ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க. நவம்பர்லயே.”

ஆத்தூரில் மின்விசிறி சுற்றும் சத்தம் இங்கே கேட்டது.

“ஐயோ! அண்ணா, என்ன சொல்ற? அப்ப கூட்டிக்கிட்டு வந்துரு!”

“வரமாட்டா. இங்கதான் இருக்கப்போறா.”

“கண் காணாத ஊர்ல தன்னந்தனியா ஒரு பொம்பள உக்காந்து என்னத்தப் பண்ணுவா?”

“சாராயம் காச்சுறா” என்றார் அப்பா.

அத்தை மூக்கைப் பின்னுக்கு இழுத்தார். அண்ணன் எங்கிருந்தோ திரைக்குள் பாய்ந்து வந்தான். “யாருப்பா?”

“உந்தங்கச்சிதான்.” குரலைச் செருமிக்கொண்டார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது இப்படித்தான் செருமுவார் என்று அம்மா சொல்வாள். “நல்லாவே காச்சுறா.”

அழைப்பை வெட்டிவிட்டார்.

உடனே மறுபடி அடித்தது. அத்தை. பிறகு அண்ணன். பிறகு அண்ணி. பிறகு எனக்கு யாரென்றே தெரியாத ஓர் எண். அப்பா ஃபோனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். “அடிக்கட்டும்” என்றார். பிறகு, மாவு இருக்கிறதா என்று கேட்டார்.

அப்பா தோசை ஊற்றி நான் பார்த்ததில்லை. இன்று மூன்று ஊற்றினார். மூன்றும் கல்லில் ஒட்டிக்கொண்டன. ஆளுக்கொரு கரண்டியை எடுத்துக்கொண்டு, அடுப்பருகே நின்றபடியே சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டு முடித்தோம்.